நிலமும் பொழுதும்

கண் படைத்தோர் அனைவரும் காண்கின்றனர். கண்டதைக் கருத்தில் நிறுத்துவோர் சிலரே. ஊருக்கு ஒருபுறம் மலை நிற்கின்றது. மற்றொருபுறம் கடல் முழங்குகின்றது. நாள்தோறும் கதிரவன் எழுகின்றான், மறைகின்றான். நாமோ இவற்றைப் பார்த்தும் பாராதவராய் நம் அலுவலை நாடி நடக்கின்றோம். வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், "எத்துணை அழகிய மலை!" என்று வியந்து நிற்கும்பொழுதுதான், நம்மூர் மலைக்கும் அழகு உண்டு என்னும் எண்ணம் நமக்குத் தோன்றுகின்றது. பழக்கம் என்பது கண்ணை மறைக்கும் மெல்லிய திரை. அத்திரையை விலக்கி, அறிந்த பொருளையும் புதிதாகக் காட்டுவதே கலையின் தொழில். கவிதையும் ஓவியமும் அத்தொழிலைத் தொன்றுதொட்டுச் செய்து வருகின்றன. அவற்றுக்கு மிகப் பிற்காலத்தே தோன்றிய தங்கை ஒளிப்படக் கலை.

பிரான்சு நாட்டினராகிய நியெப்சு என்பார், 1826 ஆம் ஆண்டை ஒட்டி, தம் வீட்டுச் சாளரத்தின் வழியே தெரிந்த கூரைகளையும் சுவர்களையும் ஓர் உலோகத் தகட்டில் பதியச் செய்தார். அந்த ஒரு படம் பதிவதற்குப் பல மணிநேரம் ஒளி விழ வேண்டியிருந்தது. பின்னர், 1839 இல் தாகேர் என்பார் கண்ட முறை பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பெற்றது. அதன்பின் இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே இக்கலை நம் நாட்டிலும் கால்கொண்டது. 1858 இல் லின்னேயசு டிரைப் என்னும் படை அலுவலர், மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோபுரங்களையும் படமாக்கினார். பெட்டியும் மருந்துநீரும் சுமந்து அவர் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. இன்றோ, ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றிலேயே படம் பதிந்துவிடுகின்றது. கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படம் எடுப்போரே ஆகின்றனர்.

படங்கள் இவ்வாறு பெருகியும், நின்று நோக்கத்தக்க படம் அரிதாகவே கிடைக்கின்றது. காரணம் யாது? நல்ல படத்துக்கு வேண்டுவன யாவை என ஆராய்வோமாயின், அவை நம் முன்னோர் செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தோடு ஒத்திருக்கக் காண்போம். தொல்காப்பியம் அகத்திணைக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் முதலியன கருப்பொருள். மக்கள் உள்ளத்தில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். செய்யுளுக்கு உரிய இம்மூன்றும் படத்துக்கும் பொருந்துமா? குமரி மாவட்டத்தில் மலையிலிருந்து கடல்வரை நடந்து கழித்த ஒரு நாளின் செய்தியைக் கொண்டு இதனைக் காண்போம்.

அண்மையில் ஒரு தைத் திங்களில் யான் அவ்வழியே நடந்தேன். முன்னர் என்பால் தமிழ் பயின்றவரும், ஒளிப்படக் கலையில் தேர்ந்தவருமாகிய இளைஞர் ஒருவர் உடன்வந்தார். கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் பொற்றையடி என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்து நிற்பது மருந்துவாழ்மலை. குசராத்து மாநிலத்தின் எல்லையருகே தொடங்கி, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவு நீண்டுவரும் மேற்குத் தொடர்ச்சி மலை, தென்கோடியில் கடலை எட்டிப் பார்ப்பதுபோல இம்மலையாய் நிற்கின்றது. நோய் தீர்க்கும் மூலிகைகள் பல வாழ்தலின் இப்பெயர் அமைந்தது என்பர். அனுமன் மருந்துமலையைத் தூக்கிச் சென்றபொழுது அதிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டே இம்மலை என்று அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

குறிஞ்சி நிலத்துக்கு உரிய சிறுபொழுது யாமம். அந்த யாமம் கழிந்து, விடியலுக்கு முந்திய இருளிலேயே யாங்கள் மலை ஏறத் தொடங்கினோம். கைவிளக்கின் ஒளியில் படியும் பாறையும் மாறி மாறித் தோன்றின. உச்சியை அணுகியபொழுது கீழ்வானம் வெளுத்தது. இளைஞர் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் படக்கருவியைப் பொருத்திவிட்டுப் பேசாது நின்றார். ஒளி குறைந்த பொழுதில் கருவியின் கண் நெடுநேரம் திறந்திருத்தல் வேண்டும். அந்நேரத்தில் கை சிறிது நடுங்கினும் படம் கலங்கிவிடும். ஆதலின் முக்காலி இன்றியமையாதது. எங்களுக்குச் சற்று அப்பால் நின்ற சிலர், வானம் சிவந்த உடனே பத்தும் இருபதுமாகப் படங்களை எடுத்துக்கொண்டு, கதிரவன் முழுதும் எழுவதற்கு முன்னரே இறங்கத் தொடங்கினர். இளைஞரோ கருவியைத் தொடவில்லை.

"ஏன் தயங்குகின்றாய்?" என்று கேட்டேன்.

"ஐயா, வானம் இப்பொழுது அழகாக இருக்கிறது, ஆனால் நிலம் இன்னும் இருளில் கிடக்கிறது. ஒளி அந்த வயல்களில் இறங்கட்டும்" என்றார் அவர்.

கதிரவன் அடிவானத்தில் நிற்கும்பொழுது அவனது ஒளி நெடுந்தொலைவு காற்று மண்டலத்தைக் கடந்து வருகின்றது. அவ்வழியில் நீலநிறக் கதிர்கள் பெரும்பாலும் சிதறிப்போக, செந்நிறக் கதிர்களே மிகுதியாக நம்மை வந்தடைகின்றன. காலையும் மாலையும் வானம் சிவப்பது இதனாலேயே. அந்த ஒளி சாய்ந்து வீழ்தலின், மரத்துக்கும் மேட்டுக்கும் நீண்ட நிழல் உண்டாகின்றது. நிழல் விழுந்தாலன்றி நிலத்தின் மேடும் பள்ளமும் படத்தில் தோன்றா. சிறிது நேரத்தில் ஒளி வயல்களில் இறங்கியது. தென்னந்தோப்புகளும் குளங்களும் அவற்றுக்கிடையே வரிசையாய்ச் சுழலும் காற்றாலைகளும் ஒவ்வொன்றாகத் துலங்கின. தெற்கே மூன்று கடல்களும் கூடும் முனை நீலக்கோடாய்த் தெரிந்தது. இளைஞர் மூன்றே படங்கள் எடுத்தார்; கருவியை உறையில் இட்டார்.

"எத்தனை படம் வேண்டுமாயினும் எடுக்கத்தக்க கருவி கையில் இருக்க, மூன்றோடு நிறுத்துவது ஏன்?" என்று யான் வினவ, அவர் அமெரிக்க நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்சு என்பாரைப்பற்றிக் கூறலானார். 1927 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஆடம்சு தம் நண்பர்களுடன் யோசெமிட்டி என்னும் மலைப்பகுதியில் பனியூடே ஏறிச் சென்றார். அங்கே குவிமாடத்தைப் பாதியாய்ப் பிளந்தாற்போன்ற பெரும்பாறை ஒன்று உண்டு. அதன் எதிரே அவர் சென்று நின்றபொழுது, அவர் சுமந்து வந்த கண்ணாடித் தகடுகளுள் இரண்டே எஞ்சியிருந்தன. கருவியின் கண்முன் மஞ்சள் நிறக் கண்ணாடியைப் பொருத்தி ஒரு தகட்டைச் செலவிட்டார். உடனே, அப்பாறை தம் உள்ளத்தில் எழுப்பிய வியப்பை அப்படம் காட்டாது என்பதை உணர்ந்தார். நின்று எண்ணினார். பின்னர்ச் செந்நிறக் கண்ணாடியைப் பொருத்தி இறுதித் தகட்டைச் செலவிட்டார். செங்கண்ணாடி வானத்தின் நீல ஒளியைத் தடுத்தமையால், கருப்பு வெள்ளைப் படத்தில் வானம் இருண்டது. பாறை பேருருவாய் ஓங்கி நின்றது. அவருடைய புகழ்பெற்ற படங்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

"எஞ்சியது ஒரே தகடு என்பதனால்தான் அவர் எண்ணினார், ஐயா! எனக்குத் தகட்டுக் குறைவு இல்லை, ஆகவே நானே ஓர் அளவு வைத்துக்கொள்கிறேன்" என்று இளைஞர் முடித்தார். வறுமை கற்பித்த சிக்கனத்தைச் செல்வத்திலும் கைவிடாதிருத்தல் அறிவுடைமையன்றோ!

வெயில் ஏறும்பொழுது மலையை விட்டிறங்கி, வயல்களின் ஊடே தெற்கும் மேற்குமாக நடந்தோம். அது நாஞ்சில் நாட்டின் மருத நிலம். கும்பப்பூ நெல் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. குளக்கரைகளில் நாரையும் நீர்க்காகமும் கொக்கும் இரைதேடின. கண்ணுக்கு இனிய காட்சியாயினும் இளைஞரது கருவி உறையைவிட்டு வெளிவரவில்லை. மருதத்துக்குரிய பொழுதாக முன்னோர் வகுத்தவை வைகறையும் விடியலும் ஆகும். யாங்கள் சென்றதோ நண்பகல். உச்சி வெயிலில் நிழல்கள் பொருள்களின் அடியிலேயே ஒடுங்கிவிடுகின்றன. கதிரின் பொன்னிறமும் வெளிறிவிடுகின்றது. நிலம் வாய்த்தும் பொழுது வாய்க்கவில்லை. பொழுது வாயாத இடத்தில் கண்ணாரக் கண்டு மகிழ்ந்து செல்வதே தக்கது.

ஒரு குளத்தின் மறுகரையில் நாரைகள் கூட்டமாய் நின்றன. இன்னும் ஐம்பது அடி நெருங்கினால் தெளிவாகத் தெரியுமே என்று யான் சொன்னேன். "நெருங்கினால் பறந்துவிடும், பறந்தால் அவற்றுக்கு உணவு கெடும்" என்றார் இளைஞர். குளிர்காலத்தில் தொலைநாடுகளிலிருந்தும் பறவைகள் இப்பகுதியின் நீர்நிலைகளை நாடி வருகின்றன. சுசீந்திரம், தேரூர் ஆகிய ஊர்களின் குளங்களை உள்ளடக்கிய ஈரநிலத் தொகுதி, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் 2022 இல் சேர்க்கப்பெற்றது. உயிர்களின் வாழ்வை நன்கு அறிந்து படமெடுப்பதற்கு நம்மவருள் எடுத்துக்காட்டாய் விளங்கியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பருத்த படக்கருவியுடன் காடுகளில் உலவி, விலங்குகளைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். அவற்றின் இயல்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். கருப்பொருளின் இயல்பை அறிந்தவன் எடுக்கும் படத்தில் அதன் உயிர் தோன்றும். அறியாதவன் எடுப்பதில் அதன் தோற்றம் மட்டுமே தோன்றும்.

பிற்பகலில் மணக்குடியை அடைந்தோம். மேற்கு மலைகளில் தோன்றும் பழையாறு நாஞ்சில் வயல்களை ஊட்டிவிட்டு இங்கே கடலோடு கலக்கின்றது. ஆற்றுமுகத்தின் இருபுறமும் மேலமணக்குடி, கீழமணக்குடி என்னும் மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. அருகே உப்பளங்கள் வெள்ளை விரித்தாற்போல் கிடக்கின்றன. குமரிக் கடற்கரை மணலைக் கையில் அள்ளி நோக்கினால், வெண்மணலோடு செந்நிறத் துகள்களும் கருநிறத் துகள்களும் விரவியிருத்தலைக் காணலாம். மலைப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆற்றுநீரால் அடித்துவரப்பட்டு, அலைகளால் அரிக்கப்பெற்றுக் கரையில் சேர்ந்த பொடியே இம்மணல். காலையில் யாங்கள் ஏறி நின்ற மலையும், மாலையில் காலடியில் கிடந்த மணலும் ஓரினத்தவையே எனக் கண்டபொழுது, நடந்து வந்த வழி முழுவதும் ஒரே படமாய் எனக்குத் தோன்றியது.

கரையிலே மூதாட்டி ஒருவர், மணலில் உலர்த்திய நெத்திலிக் கருவாட்டை வாரிக் கூடையில் இட்டுக்கொண்டிருந்தார். சாய்ந்த வெயில் அவருடைய சுருங்கிய முகத்திலும் நரைத்த தலையிலும் பட்டு ஒளிர்ந்தது. நிலம், பொழுது, தொழில் ஆகிய அனைத்தும் ஒருங்கே பொருந்தி நின்றன. அன்று முழுவதும் காத்திருந்த படம் இதுவே என யான் எண்ணினேன். இளைஞரும் கருவியைக் கையில் எடுத்தார். ஆனால் கண்ணருகே கொண்டு செல்லவில்லை. மூதாட்டியின் அருகிற் சென்று, "அம்மா, நீங்கள் வேலை செய்வதை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

மூதாட்டி நிமிர்ந்து அவரைச் சிறிது நேரம் நோக்கினார்.

"கேட்டாயே, மக்களே!" என்றார். "சுனாமி வந்த அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. என் தங்கையைத் தேடிக்கொண்டு நான் இந்தக் கரையில் அழுது ஓடினேன். என்னைச் சுற்றி நின்று எடுத்தார்கள். அந்தப் படத்தை ஊரெல்லாம் பார்த்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒருவரும் கொண்டுவந்து காட்டவில்லை."

2004 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள், ஆழிப்பேரலை குமரிக் கரையைத் தாக்கியது. மணக்குடியின் இரண்டு ஊர்களையும் இணைத்து நின்ற பாலத்தை அது இடித்துத் தள்ளியது. இப்பொழுது அங்கே வேறொரு பாலம் நிற்கின்றது. குமரிக்கோடும் பஃறுளியாறும் கடல்கொள்ளப்பட்ட செய்தியைச் சிலப்பதிகாரத்தில் பயின்றபொழுது அதனைப் பழங்கதையாகவே எண்ணியிருந்தவர்கள், அந்நாளில் கடலின் ஆற்றலைக் கண்ணெதிரே கண்டனர்.

இளைஞர் கருவியை மெல்லக் கீழே இறக்கினார். "வேண்டாம் என்றால் எடுக்கவில்லை, அம்மா" என்றார்.

மூதாட்டி கூடையை நேராக்கி வைத்துக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எடு. அழுத முகத்தைத்தான் எல்லாரும் கொண்டுபோனார்கள். வேலை செய்கிற முகத்தை நீ எடு. ஆனால் எனக்கு ஒன்று கொண்டுவந்து தர வேண்டும்" என்றார். இளைஞர் அவ்வாறே ஒரு படம் எடுத்தார். பத்து நாளில் அப்படத்தின் படி ஒன்றைத் தாமே கொண்டுசென்று அவரிடம் கொடுத்தார் எனப் பின்னர் அறிந்தேன்.

இங்கேதான் உரிப்பொருளின் சிறப்பு விளங்குகின்றது. மலையும் மரமும் தம்மைப் படமெடுப்போரை வினவா. மனிதரோ அவ்வாறல்லர். ஒருவருடைய துயரமும் மகிழ்ச்சியும் அவருக்கே உரியவை. அவர் இசைந்து கொடுத்தாலன்றி அவற்றை எடுத்துச் செல்லும் உரிமை நமக்கு இல்லை. கேட்டுப் பெற்றது கொடை. கேளாது கொண்டது களவு. உரிப்பொருள் என்னும் பெயரிலேயே உரிமை என்னும் கருத்தும் ஒலிக்கக் காணலாம்.

நெய்தலுக்குரிய எற்பாட்டுப் பொழுது வந்தது. கதிரவன் மேல்கடலை அணுகினான். ஆற்றுநீரும் கடல்நீரும் கூடுமிடத்தில் செம்பொன் உருகி ஓடியதுபோல ஒளி பரந்தது. கரையேறிய வள்ளங்கள் கரிய உருவங்களாய் நின்றன. இளைஞர் அலைகள் மோதும் பாறைமேல் ஏறாமல், உலர்ந்த மணலில் முக்காலியை ஊன்றி இரண்டு படங்கள் எடுத்தார். அழகிய படத்துக்காக வழுக்குப்பாறையிலும் மலை விளிம்பிலும் நின்று உயிரிழப்போரைப்பற்றி நாளிதழ்களில் படிக்கின்றோம். உயிரை விலையாகக் கொடுத்துப் பெறத்தக்க படம் உலகில் யாதும் இல்லை.

மாணவர்களே! படம் கண்ணுக்கு விருந்தாவதோடு காலத்துக்குச் சான்றாகவும் நிற்கின்றது. கடல் அரித்த கரைகளில் கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்புகின்றனர். அக்கற்கள் எங்கோ ஒரு குன்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவையே. கரை காக்கக் குன்று தேய்கின்றது. இத்தகைய மாறுதல்கள் சிறிது சிறிதாக நிகழ்தலின், உடன் வாழும் கண்களுக்கு அவை புலப்படா. ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி எடுத்த படங்களை வரிசையாய் வைத்துப் பார்த்தால், கரை எவ்வளவு பின்வாங்கிற்று, குன்று எவ்வளவு குறைந்தது, குளத்தில் நீர் எவ்வளவு சுருங்கிற்று என்பன தெளிவாய் விளங்கும். அறிவியலாரும் இம்முறையைக் கையாளுகின்றனர். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பொறுமையும் நேர்மையும் போதும். இல்லாத மேகத்தைச் சேர்த்தும், இருக்கின்ற குப்பையை நீக்கியும் திருத்திய படம் அழகுடையதாகலாம்; ஆயினும் அது சான்றாகாது.

ஆதலின், நீங்கள் படக்கருவியோ கைப்பேசியோ ஏந்தி வெளியே செல்லும்பொழுது, முதலில் நிலத்தை நன்கு நோக்குங்கள். அதற்குரிய பொழுது வரும்வரை காத்திருங்கள். அங்கே வாழும் உயிர்களுக்கு இடையூறு செய்யாதீர்கள். மக்களாயின் அவர்தம் இசைவைக் கேளுங்கள். கொடுத்த சொல்லைக் காப்பாற்றுங்கள். உங்கள் ஊரிலேயே ஒரு குன்றையோ குளத்தையோ ஆற்றங்கரையையோ தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை படமெடுத்து, நாளும் இடமும் குறித்துப் பள்ளியில் சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பின்வரும் மாணவர்கள் அவற்றைப் பார்த்து, தம் ஊர் எவ்வாறிருந்தது என்பதை அறிவார்கள். அதனைக் காக்க வேண்டிய கடமை தமக்கும் உண்டு என்பதையும் உணர்வார்கள்.